பின்கட்டுத் தரை

கோயம்புத்தூர்
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பென்னி எழுதுகிறேன். நீ போனை எடுக்காததால்தான் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. "அண்ணி உங்களை பிளாக் பண்ணிட்டாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாள் ஷீனா. கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. ஏற்காட்டு போஸ்ட்மேன் உன்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன், டீச்சர் கையில் கொடுக்காமல் போகமாட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. "அம்மா விழும்போது நீ எங்க போயிருந்த?" என்று டாக்டர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். நீ காலைப் பூசைக்குப் போயிருந்தாய். முப்பது வருடமாகப் போகிறாய், எனக்குத் தெரியாதா? பலகை உடைந்து, ஒரு கால் தொடைவரை தரைக்குள் இறங்கி, நீ கோயிலிலிருந்து வரும்வரை அம்மா அப்படியே கிடந்தார் என்று கேட்டதும் எனக்குப் புத்தி பிசகிவிட்டது. மன்னித்துக்கொள்.

இடுப்பில் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவருகிறது. இங்கே எங்கள் பிளாட்டுக்குக் கூட்டிவந்து எட்டு நாளாகிறது. சாப்பாடு பரவாயில்லை. ஆனால் விடிந்ததும் முதல் கேள்வி, "எப்ப சாமி, ஊட்டுக்குப் போறது?" என்பதுதான். பல் விளக்கும்முன் கேட்கிறார். நாலாவது மாடி ஜன்னலில் ஒரு மரம்கூடத் தெரியாதது அவருக்குப் பெரிய குறை. "மரமில்லாத ஊருல எப்படிடா குடியிருக்கிற?" என்கிறார்.

ஆகவே ஒரு யோசனை. உன் பின்கட்டிலும் அந்தப் பழைய பலகைத் தரையைப் பிடுங்கிவிட்டு, முன்கட்டில் நான் செய்ததுபோல மண் நிரப்பி கான்கிரீட் போட்டுவிடலாம். எனக்குப் போட்ட அதே கார்த்திக் மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். அடுத்த வாரமே வரத் தயார். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

தம்பி,
பென்னி


ஏற்காடு
13.8.2024

பென்னிக்கு,

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கேட்ட கையோடு மேஸ்திரியையும் அனுப்புகிறாய். சின்ன வயதிலிருந்தே உன் மன்னிப்பு தனியாக வந்ததில்லை, பின்னாலேயே ஒரு வேலையையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நானும் செல்வியும் அம்மா அறையில் பலகைகளைத் தூக்கிப் பார்த்தோம். தலைச்சோலையிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிறாளே, அவள்தான். பலகையைத் தாங்கும் உத்திரங்களில் சுவருக்குள் செருகியிருந்த முனையெல்லாம் இத்துப்போய்விட்டது. விரலால் கிள்ளினால் கேக்குப்போல் வருகிறது. அடியில் மண் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. அந்த நாற்றத்தில் செல்வி வாந்தி எடுத்தாள்.

கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஷேக் தாவூத் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, பலகைத் தரைன்னா அடியில காத்து ஓடோணுங்க. முன்பக்கச் சுவத்து ஓட்டையில பூந்து, ஊடு முழுக்க அடியிலயே போயி, பின்பக்கமா வெளிய வரோணும். அப்பத்தான் மரம் காஞ்சு கெடக்கும். உங்க தம்பி முன்கட்டுக்கு மண்ணைக் கொட்டி ஓட்டையெல்லாம் மூடிப்புட்டாருங்களே. இப்ப காத்து எங்கிருந்துங்க வரும்?"

அப்பா பாகம் பிரித்தபோது ரோட்டைப் பார்த்த முன்கட்டு உனக்கு, மலைச்சரிவைப் பார்த்த பின்கட்டு எனக்கு, அம்மா இருக்கும்வரை என்னோடு என்று எழுதினார். அறைகளைத்தான் பிரித்தோம். தரைக்கு அடியில் இருந்த இரண்டடி உயர இடத்தைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரி இல்லை. எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து அடி அடியாகக் கணக்கு எழுதிய மனிதருக்கே அது தோன்றவில்லை. நீ உன் அறைகளை டூரிஸ்டுக்கு விடுவதற்காக டைல்ஸ் போட்டாய். என் பக்கத்து மரத்துக்கு மூச்சு நின்றது.

உன்னிடம் நான் சொல்லவில்லையா? அலமாரிக் கதவு சாத்த வரவில்லை என்றேன். தரை அமுங்குகிறது என்றேன். ஈஸ்டருக்கு வந்தபோது உன்னையே மிதிக்க வைத்துக் காட்டினேன். "பழைய ஊடுன்னா அப்படித்தான்க்கா, ஒரு கார்பெட் வாங்கிப் போடு" என்றாய். போட்டேன். அம்மா உள்ளே போனது அந்தக் கார்பெட்டோடுதான்.

தரையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அம்மாவைப் பார்.

அமலி


கோயம்புத்தூர்
21.8.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. பழியைத் தூக்கி என் தலையில் வைக்கிறாய் என்று ஷீனாவிடம் கத்தினேன். பிறகு எங்கள் கம்பெனியில் சிவில் வேலை பார்க்கும் இன்ஜினியரிடம் வீட்டை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பாதியில் மட்டும் இப்படிச் செய்யவே கூடாதுங்க. செய்தாலும் மறுபாதிக்குக் காற்று போகக் குழாய் வைத்திருக்க வேண்டும்" என்றார். அவருக்கு அது சாதாரண விஷயம். என்னால் அந்தத் தாளைக் கையில் வாங்கக்கூட முடியவில்லை.

நான்தான் அக்கா. ஒரு குழாய். அந்த ஒரு குழாயைப் பற்றி யாரையாவது கேட்டிருக்கலாம். கார்த்திக்கும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் ரூம் தயாராக வேண்டும் என்று அவனை விரட்டியதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. நேற்று இதய டாக்டரிடம் காட்டினோம். அம்மாவுக்கு இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது. ஆபரேஷன் தாங்கியதே பெரிது என்கிறார். இரண்டு மாதம், மூன்று மாதம், அதற்குமேல் சொல்ல முடியாதாம். "ஆசைப்படற எடத்துல கொண்டுபோய் வைங்க, அதுதான் இனி மருந்து" என்றார். வெளியே வந்தால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அம்மா, "என்ன சாமி, போகலாம்னு சொல்லிட்டாரா?" என்று கேட்கிறார்.

முன்கட்டு ரூம் இரண்டும் காலிதான். வரவிருந்தவர்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரை சமமாக இருக்கிறது, சக்கர நாற்காலி ஓடும், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. அடுத்த ஞாயிறே அம்மாவைக் கூட்டிவந்து அங்கே படுக்கவைக்கட்டுமா? நடுக்கதவைத் திறந்தால் உன் பக்கம்தானே.

பென்னி


ஏற்காடு
30.8.2024

பென்னிக்கு,

டாக்டர் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதை எழுதிப் பிரயோசனம் இல்லை.

முன்கட்டு வேண்டாம். அம்மா கேட்பது அவர் அறையை. மலைப்பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக், கட்டிலுக்கு எதிரே மாதா படம். உன் ரூமில் டி.வி.யும் வைஃபை பாஸ்வேர்டு ஒட்டிய சுவரும்தான் இருக்கிறது. டூரிஸ்டுகள் பீர் குடித்துப் படுத்த கட்டிலில் அம்மா சாகக் கூடாது.

இதுவும் முழுக் காரணம் இல்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன். உன் சிமெண்டால் விழுந்தவர், உன் சிமெண்ட் மேலேயே படுத்துக்கொண்டு "எம் பையன் எடங் குடுத்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். என்னால் முடியாது.

மரத்தரையே போடலாம் என்று நினைத்தேன். நல்ல மரம் கிடைத்து, இழைத்து, போட்டு முடிக்கத் தை மாதம் ஆகிவிடுமாம். அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆகவே உன் யோசனைப்படியே நடக்கட்டும். கார்த்திக்கை வரச்சொல். மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று எனக்கு எதிரில் சத்தியம் செய்தால் வேலையைத் தொடங்கலாம். அதுவரை அம்மா உன்னிடம் இருக்கட்டும்.

அமலி


கோயம்புத்தூர்
12.9.2024

அன்புள்ள அக்கா,

மாதா பிறந்தநாள் அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் விழுந்தது என்னால்தான், நான் முன்கட்டை அடைத்ததால்தான் மரம் இத்துப்போனது என்று சொல்லி அழுதுவிட்டேன். தலையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கொஞ்சம் பேசினார். பழைய கதைகள். அதையெல்லாம் நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இதில் வேறு யார் தப்பும் இல்லை, அக்கா. நீ மனதில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. திட்டுவதென்றால் என்னையே திட்டு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வாரம் அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. இட்லி ஒன்றுக்குமேல் இறங்கவில்லை. மறுபடியும் கேட்கிறேன் என்று கோபப்படாதே, முன்கட்டுக்குக் கூட்டிவரட்டுமா? டி.வி.யைக் கழற்றிவிடச் சொல்கிறேன். மாதா படத்தைக் கொண்டுவந்து மாட்டு. நான் வந்து விட்டுவிட்டு உன் கண்ணில் படாமல் திரும்பிவிடுகிறேன்.

தரை வேலை எதுவரை வந்திருக்கிறது?

பென்னி


ஏற்காடு
24.9.2024

அன்புள்ள பென்னிக்கு,

வேலை நடக்கிறது. பலகை, உத்திரம் எல்லாம் எடுத்தாயிற்று. நான்கு ஜீப் நடை கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். அதன்மேல் பாலித்தீன் ஷீட் விரித்து, போன வியாழக்கிழமை கான்கிரீட் போட்டார்கள். இந்தத் தடவை ஷீட் விரிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறது. அம்மா அறை வயல்போல இருக்கிறது.

பலகை எடுக்கும்போது கார்த்திக் என்னென்னவோ காட்டினார். எழுதினால் நீளும்.

போன கடிதங்களில் உன்னைக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அது எனக்குத் தெரிகிறது. நீ திருப்பி ஒரு வார்த்தைகூட எழுதாதது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எதையாவது எழுதியிருக்கலாம். நீ அப்படியெல்லாம் பொறுத்துப்போகிற ஆள் கிடையாதே.

முன்கட்டு வேண்டாம் பென்னி. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னும் பத்துப் பதினைந்து நாள். அம்மாவை அவர் அறையிலேயே கொண்டுவந்து நான் படுக்கவைக்க வேண்டும். அது நான் அவருக்குச் செய்ய வேண்டிய கடமை. ஏன் என்று கேட்காதே.

அக்கா


கோயம்புத்தூர்
9.10.2024

அக்கா,

பதினைந்து நாள் ஆகிவிட்டது. அம்மா கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார். நேற்று ஷீனாவைப் பார்த்து, "ஏனுங்க, ஏற்காட்டு பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பையில் தன் சேலைகளை எடுத்து வைக்கச் சொல்கிறார். வைத்திருக்கிறோம். கட்டில் பக்கத்திலேயே பை இருக்கிறது.

தரை காய்ந்ததா? காயாவிட்டாலும் சொல். டைல்ஸ் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பென்னி


ஏற்காடு
16.10.2024

அன்புள்ள பென்னி,

காயவில்லை. எப்படி எழுதுவேன்? பன்னிரண்டு நாளாக விடாத மழை. வீட்டுக்குள்ளேயே பனிமூட்டம் வந்து நிற்கிறது. தரையில் செய்தித்தாள் விரித்து வைக்கிறேன், எடுத்தால் ஈரத்தில் இரண்டாகக் கிழிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஹீட்டர் கடன் வாங்கிவந்து போட்டேன், சுவரில் வேர்த்து ஒழுகியதுதான் மிச்சம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். செல்வி என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாள்.

இந்த ஈரத்தில் அம்மாவைப் படுக்கவைத்தால் இரண்டு நாளில் சளி கட்டிவிடும். இங்கே டாக்டரிடம் கேட்டேன், நுரையீரல் தாங்காது என்றார். கல்லறைத் திருநாளுக்குள் எப்படியும் காய்ந்துவிடும் என்கிறார் கார்த்திக். இரண்டே வாரம். அம்மாவுக்குச் சொல், அமலி அறையைத் தயார் செய்கிறாள் என்று சொல். மாதா படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன்.

முன்கட்டைப் பற்றி நீ எழுதாததற்கு நன்றி. நீ இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காதே.

அக்கா


ஏற்காடு
12.11.2024

அன்புள்ள பென்னி,

அடக்கத்தன்று நீயும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் இதைச் சொல்ல வேண்டிவரும் என்று நான்தான் ஆட்களுக்குள் ஒளிந்துகொண்டு திரிந்தேன். இப்போது எழுதுகிறேன்.

நான் தடுத்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லாமல் ஆம்புலன்ஸ் வைத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாய். நீ செய்தது சரி. அம்மா மலைப்பாதையிலேயே போய்விட்டார். வண்டி வாசலில் வந்து நின்றபோதும் பின்கட்டில் கால் வைத்தால் ஈரம். ஆகவே முன்கட்டைத் திறந்து பெட்டியை அங்கேயே வைத்தோம். இரண்டு மாதம் வேண்டாம், வேண்டாம் என்று நான் பூட்டிவைத்த அறை. நூறு பேர் வந்து நின்று ஜெபம் சொன்னார்கள். தரை நன்றாகத்தான் தாங்கியது.

நீ முன்கட்டை அடைத்தபிறகு அந்த ஜூன் மாதம் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது ஞாபகம் இருக்கிறதா? மலைப்பக்கத்து ஓட்டைகளில் நுழைந்த காற்றுக்குப் போக வழியில்லாமல், பலகை இடுக்கு வழியாக மேலே ஏறியது. அம்மாவுக்குக் கால் இரண்டும் ஐஸ். போர்வை போர்த்தினாலும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, உன் வேலையில் மீந்து கிடந்த அரை மூட்டை சிமெண்டை எடுத்து, சாக்கைத் திணித்து, பின்பக்கத்து ஐந்து ஓட்டைகளையும் நானே பூசி அடைத்தேன். பாத்திரம் கழுவும் பேசினில் வைத்துக் கலந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நல்லா அப்பு கண்ணு, எலியும் வராது" என்றார். அப்புறம் அங்கே செடி மண்டிவிட்டது.

நீ ஒரு பக்கம் அடைத்தாய். மிச்சமிருந்த பக்கத்தை அடைத்தது நான். அதையாவது விட்டு வைத்திருந்தால் மரம் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது என்றார் கார்த்திக். பலகையை எடுத்த அன்று, "ஏனுங்க டீச்சர், பின்னாலயும் பூசி அடைச்சிருக்குதுங்களே, யாருங்க பண்ணுனது?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றுதான் ஞாபகம் வந்தது என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். தாவூத் பாய் டார்ச்சோடு குனிந்து காற்றைப் பற்றிச் சொன்னபோதே எனக்குள் சுருக்கென்றது. அந்த ராத்திரியே உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. அந்தக் கோபத்தை விட்டால் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. முன்கட்டுக்குச் சரி என்று சொல்லியிருந்தால் அம்மா இங்கே இரண்டு மாதம் இருந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் வேண்டியிருக்கும். அவர் அறையையாவது சரிசெய்து கொடுத்துவிட்டால் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நீ எத்தனை தடவை என் தப்பு, என் தப்பு என்று எழுதினாய். ஒவ்வொன்றையும் வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் கேள். இருபத்து நான்காம் தேதி முப்பதாம் நாள் பூசை. வா.

அமலி


கோயம்புத்தூர்
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குத் தெரியும்.

மாதா பிறந்தநாள் அன்று நான் அழுதபோது அம்மாவே சொல்லிவிட்டார். "நீ மட்டுமா அடைச்ச சாமி, அமலியும் பின்னால அடைச்சாளே. நாந்தான் குளுருதுன்னேன். அவ என்ன பண்ணுவா? அவகிட்ட இதக் கேட்டுப்புடாத. அவ தாங்கமாட்டா" என்றார். பழைய கதைகள் என்று நான் எழுதியது இதைத்தான்.

உனக்குத் தெரியாது, நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். தெரிந்தால் உடைந்துபோவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அக்காவுக்காகப் பழியைச் சுமக்கிறேன் என்று ஷீனாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் உன்னை நன்றாகத் திட்டி, நீயும்தானே அடைத்தாய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சண்டை போட்டிருப்போம். செப்டம்பரிலேயே போட்டு முடித்திருப்போம். அம்மா முன்கட்டில் வந்து படுத்திருப்பார். நான் உன்னைக் காப்பாற்றப் போய் அம்மாவை இங்கே நாலாவது மாடியில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை மூடினேன். நீ எல்லாவற்றையும் எழுதியபிறகு நான் மறைப்பது சரியில்லை.

சேலம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அம்மாவுக்கு நினைவு நன்றாக வந்தது. காற்று மாறியதுமே கண்ணைத் திறந்துவிட்டார். பன்னிரண்டாவது வளைவோ பதின்மூன்றாவது வளைவோ, "ஊட்டுக்கா போறோம்?" என்றார். ஆமாம் என்றேன். எனக்குப் பயம், தன் அறை இல்லை என்று தெரிந்தால் வருத்தப்படுவாரோ என்று. அதனால் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று, "அம்மா, பின்கட்டுல தரை இன்னும் காயலீங்க. முன்கட்டுலதான் படுக்கோணும், பரவால்லீங்களா?" என்று கேட்டேன்.

"எதுனா என்ன சாமி, நம்ம ஊடுதான?" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அதன்பிறகு பேசவில்லை. கடைசி வளைவுக்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது.

பூசைக்கு நான் வரவில்லை. உன்மேல் கோபமில்லை, அக்கா. இருந்தால் சண்டை போடவாவது வந்துவிடுவேனே. பூசையில் என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடு.

பென்னி


ஏற்காடு
5.12.2024

அன்புள்ள பென்னி,

பூசை நல்லபடியாக நடந்தது. உன் பெயரைச் சொன்னார்கள். ஷீனா பெயரையும் சேர்த்தேன்.

அம்மா சொன்னதை நீ எழுதியது சரிதான். எழுதாமல் இருந்திருந்தால் அவர் தன் அறைக்காக ஏங்கிக்கொண்டே போனார் என்று நான் நம்பியிருப்பேன், அது எனக்கு ஒரு சாக்காக இருந்திருக்கும். நான்தான் அறை, அறை என்று இரண்டு மாதம் எழுதினேன். அவர் ஒரு தடவைகூட அறை என்று கேட்கவில்லை. உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். அம்மா கேட்டது ஊடு என்றுதான் இருக்கிறது. டீச்சர் வேலை பார்ப்பவள், படிக்கத் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு வாரம் நல்ல வெயில். தரை காய்ந்துவிட்டது. கார்த்திக் வந்து டைல்ஸ் போடட்டுமா என்று கேட்டார், இப்படியே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். கட்டிலை அங்கே போடவில்லை. நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன். செல்விக்கு அந்தப் பக்கம் போகப் பயம், அதனால் கூட்டுவதும் நான்தான்.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வரட்டுமா என்று ஷீனா செல்விக்குப் போன் செய்து கேட்டாளாம். நல்ல பெண். இந்த வருடம் வேண்டாம் என்று சொல். உன்னைப் பார்க்க எனக்கு ஆசைதான், பென்னி. இந்த உலகத்தில் எனக்கு இருப்பது நீ ஒருவன்தான், அதை ஒளிக்க இனிமேல் எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் நீ வந்தால் உன்னை எங்கே உட்காரச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்தேன். முன்கட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டினேன். பின்கட்டிலும் நின்று பார்த்தேன். வீடு முழுக்க இப்போது உறுதியான தரைதான். உனக்கு ஒரு நாற்காலி போட எனக்கு இடம் தெரியவில்லை.

அக்கா,
அமலி